ஊமைப் படமும் குறும்பு நாயும்

தூத்துக்குடி என்றவுடன் முத்து நினைவுக்கு வரும். சங்கு நினைவுக்கு வரும். வெயிலில் பளிச்சிடும் உப்புக் குவியல்கள் கண்முன் நிற்கும். சிதம்பரனார் செலுத்திய சுதேசிக் கப்பல் நெஞ்சில் ஓடும். நாய் எவருக்கும் நினைவு வராது. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாய்தான். தெருவில் குரைக்கும் நாயன்று. வெள்ளித் திரையிலே, ஓசையின்றி ஓடி, ஓசையின்றிக் குரைத்து, பெரிய மனிதர்களின் கால்சட்டையைப் பற்றி இழுத்து, கூடாரத்தில் மணல்மேல் அமர்ந்திருந்த மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த நாய். சிரிப்புக்கும் வரலாறு உண்டு. அரசர்களின் வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் அதனையும் ஒரு கால் மணி நேரம் கேட்கலாம் என்ற துணிவோடு தொடங்குகிறேன்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், பாரிஸ் நகரத்து உணவுவிடுதி ஒன்றின் கீழறையிலே, லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குச் சலனப் படம் காட்டினார்கள். அன்று காட்டிய படங்களுள் ஒன்று, லியோன் நகரத்தில் அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியேறும் காட்சி. ஒரு நிமிடங்கூட ஓடாத படம். கதவு திறக்கிறது, பெண்களும் ஆண்களும் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு நாய் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது. மனிதர் அனைவரும் தம்மைப் படம் பிடிக்கிறார்கள் என்பதை அறிந்து சற்றே மிடுக்காக நடக்கின்றனர். நாய் மட்டும் தன் போக்கில் போகிறது. அன்றே காட்டிய வேறொரு படத்தில், தோட்டக்காரன் நீர் பாய்ச்சும் குழாயை ஒரு பையன் காலால் மிதித்துக்கொள்கிறான். நீர் வராதது கண்டு தோட்டக்காரன் குழாயின் வாயை உற்று நோக்க, பையன் காலை எடுக்கிறான். நீர் அவன் முகத்தில் பீறிடுகிறது. திரைப்படத்தின் முதல் நகைச்சுவை இதுவே. ஆக, சினிமா பிறந்த அன்றே நாயும் பிறந்தது, குறும்பும் பிறந்தது. இரண்டும் ஒன்று சேரச் சில ஆண்டுகள் ஆயின, அவ்வளவே.

தொழிற்சாலைப் படம் நம் நாட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பம்பாயில் வாட்சன் ஓட்டலில் நிகழ்ந்த முதற் காட்சியிலேயே அது இடம்பெற்றது. அடுத்த ஆண்டு சென்னை விக்டோரியா பொது மண்டபத்திலும் சலனப் படங்கள் காட்டப்பட்டன. பெருநகரங்களில் வந்து இறங்கிய இப்புதுமை, சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்த வழியே நமக்கு முக்கியம்.

தென் பாண்டி நாட்டுக்கு அவ்வழி இரும்புப் பாதையாக அமைந்தது. 1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏற வேண்டும். அந்நாளில் கரையோரம் ஆழமில்லை. கப்பல் சில மைல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் போய் ஏறுவர். சர்க்கஸ்காரர்களும் நாடகக் குழுவினரும் இலங்கைக்குச் செல்லும் வழி இதுவே. சலனப் படம் காட்டுவோரும் இவ்வழியைச் சார்ந்தே பிழைத்தனர்.

அவர்களுள் முதல்வராக நாம் நினைக்கவேண்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூரில் பிறந்தவர், திருச்சியிலே ரயில்வே அலுவலகத்தில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் படக்கருவியோடு சுற்றுப்பயணம் வந்து, திருச்சியில் நோயுற்றார். அவரிடமிருந்த கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். மாதச் சம்பளக்காரருக்கு அத்தொகை எத்துணைப் பெரிது என்பதை அக்காலத்து விலைவாசி அறிந்தவர் உணர்வர். நிலையான வேலையை உதறிவிட்டுக் கூடாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார் அவர். தென்னாட்டில் தொடங்கி வடமேற்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து ரங்கூன் வரையிலும் அவருடைய கூடாரம் போயிற்று. அவருக்குச் சில ஆண்டுகள் பின்னே, சென்னையைச் சார்ந்த ரகுபதி வெங்கையா தமது கருவியோடு தென்னாடு, இலங்கை, பர்மா என்று சுற்றிவந்தார். 1914இல் சென்னையில் கெயிட்டி என்னும் நிலையான கொட்டகையையும் கட்டினார். அதே ஆண்டில் வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார்.

கூடாரத்துக்குள் இப்பொழுது நுழைவோம். முன்னே வெள்ளைத் துணி. தரையில் மணல், அதுவே ஏழையின் இருக்கை. அதன் பின்னே பெஞ்சு; அதற்கும் பின்னே நாற்காலி. கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். கருவிக்கு அருகே உட்கார்ந்தவருக்குப் படத்தோடு அதன் கடகட ஓசையும் இலவசம். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் ஒரு பக்கம் அமர்ந்திருப்பர். பகலில் மாட்டுவண்டியில் தட்டிகளைக் கட்டி, பறை முழக்கி, துண்டு அறிக்கைகளை வீசிக்கொண்டு ஊரைச் சுற்றியது இவர்கள் கூட்டந்தான்.

திரையின் ஓரத்தில் இன்னொருவர் நிற்பார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். படத்தின் இடையிடையே தோன்றும் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டத்தில் பெரும்பாலோர் தமிழே படிக்கத் தெரியாதவர். ஆங்கிலத்துக்கு எங்கே போவது? ஆகவே கொட்டகைக்காரர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்தி, கதையை உரக்க விளக்கச் செய்தார்கள். அவர் எழுத்துகளைப் படிப்பதோடு நிற்கமாட்டார். கதாநாயகனுக்குத் தாமே வசனம் பேசுவார், வில்லனைத் திட்டுவார், உள்ளூர்ச் செய்தியையும் நையாண்டியையும் சேர்த்துக்கொள்வார். வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழ் உயிர் கொடுத்தவர் அவரே. கூத்தில் கட்டியங்காரனைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றியிருக்கமாட்டார்.

ஆனால் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் அவர் தேவைப்படவில்லை. பெரிய கதைப் படத்தோடு துணையாக, ஒரு சுருளிலோ இரண்டு சுருளிலோ அடங்கிய நகைச்சுவைப் படங்களைக் காட்டுவது வழக்கம். ஒரு சுருள் ஆயிரம் அடி. கால் மணி நேரம் ஓடும். குண்டான ஒருவர் ஓடுகிறார். ஒல்லியான ஒருவர் துரத்துகிறார். இருவர் காலுக்கிடையிலும் ஒரு நாய் புகுந்து ஓடுகிறது. இதற்கு விளக்கம் எதற்கு?

இங்கே நம் கடற்கரையை நினைத்துக்கொள்கிறேன். முத்துக்குளிப்பவர் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போகிறார். அங்கே பேச்சுக்கு இடமில்லை. மேலே படகில் கயிறு பிடித்து நிற்பவருக்கும் கீழே சிப்பி பொறுக்குபவருக்கும் இடையே உள்ள மொழி, கயிற்றின் ஓர் அசைவு. அந்த அசைவைச் சரியாகப் படிக்காவிட்டால் உயிர் போகும். 1926, 1927, 1928 ஆகிய ஆண்டுகளில் தூத்துக்குடிக் கடலில் சலாபம் நடந்தது. உலகெங்கும் ஊமைப் படம் உச்சியில் நின்ற ஆண்டுகள் அவையே. சொல்லின்றி உடம்பின் அசைவைக் கொண்டே பொருள் அறியும் தொழிலையுடைய மக்களுக்கு, சொல்லில்லாப் படம் கடினமாக இருந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நாய்களைப் பார்ப்போம்.

முதற் பெரும் புகழ் பெற்றது இங்கிலாந்து நாட்டு நாய். 1905ஆம் ஆண்டில், அதாவது வின்சென்ட் திருச்சியில் கருவி வாங்கிய அதே ஆண்டில், செசில் ஹெப்வொர்த் என்பவர் ஆறேழு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார். குழந்தையை ஒரு பிச்சைக்காரி திருடிக்கொண்டு போகிறாள். வீட்டு நாயாகிய ரோவர், தெருக்களைக் கடந்து, ஆற்றை நீந்தி, குழந்தையைக் கண்டுபிடித்து, எசமானரை அழைத்துவருகிறது. எசமானராக நடித்தவர் ஹெப்வொர்த், தாயாக நடித்தவர் அவர் மனைவி, குழந்தை அவர்களுடையது, நாயும் அவர்கள் வீட்டு நாய்தான், பெயர் பிளேர். ஒரு குடும்பமே கூடி எடுத்த படம்! பிரதிகள் விற்ற வேகத்தில் மூலச்சுருள் தேய்ந்துபோக, படம் முழுவதையும் மேலும் இரு முறை புதிதாக எடுக்க நேர்ந்தது. இது நகைச்சுவைப் படமன்று. ஆனால் நாயை நம்பிப் படம் எடுக்கலாம், அதற்குக் காசும் வரும் என்று முதலாளிகளுக்குக் கற்பித்தது இதுவே.

சிரிப்பு அமெரிக்காவில் பிறந்தது. 1912இல் மாக் சென்னட் என்பவர் கீஸ்டோன் என்னும் படக் கம்பெனியைத் தொடங்கினார். அவர் படங்களில் போலீஸ்காரர்கள் கூட்டமாக ஓடுவர், கூட்டமாக விழுவர். அங்கே நடித்த ஆர்பக்கிள் என்னும் பருத்த நடிகருடைய வீட்டில் ஒரு நாய் வளர்ந்தது. அதன் பெயர் லூக். ஆர்பக்கிளின் மனைவியாகிய நடிகை ஆபத்தான காட்சி ஒன்றில் துணிந்து நடித்தமைக்குப் பரிசாக, லூக்கஸ் என்ற இயக்குநர் கொடுத்த குட்டி அது. கொடுத்தவர் பெயரே குறுகி நாயின் பெயராயிற்று. லூக் ஏணியில் ஏறும், கூரையின்மேல் ஓடும், உயரத்திலிருந்து தாவும். 1916ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், கடற்கரைக் குடிசையில் வாழும் புதுமணத் தம்பதிகள்மேல் பொறாமை கொண்ட பகைவன், நள்ளிரவில் வீட்டையே கடலுக்குள் தள்ளிவிடுகிறான். கணவனும் மனைவியும் விழித்துப் பார்த்தால் கட்டில் மிதக்கிறது! லூக்தான் கடிதத்தைச் சுமந்து கரைக்கு நீந்துகிறது. புயலடித்தால் வீடு போகும் என்பதை அறிந்த கடற்கரையார்க்கு அக்காட்சியில் சிரிப்போடு வேறொன்றும் கலந்திருக்கும்.

லூக்கின் மிகச் சிறந்த ஓட்டத்தை 1920இல் வெளிவந்த பஸ்டர் கீட்டனின் படத்தில் காணலாம். வைக்கோல் பொம்மை என்று பொருள்படும் பெயருடைய படம் அது. நாய் பாலாடைப் பணியாரத்தைத் தின்றுவிட்டு வாயெல்லாம் வெண்நுரையாக நிற்கிறது. கீட்டன் அதைப் பார்த்து, வெறிநாய் என்று நினைத்து ஓடத் தொடங்குகிறார். இடிந்த கட்டடம் ஒன்றின் சுவர்களின் உச்சியிலே, கூரையில்லாத சன்னல்களைத் தாண்டித் தாண்டி, சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள் இருவரும். கீட்டன் ஏணி ஏறினால் நாயும் ஏறுகிறது. கடைசியில் வைக்கோல் போருக்குள் விழுந்து, ஓடி இளைத்து, நாயோடு கைகுலுக்கிச் சமாதானம் ஆகிறார். கீட்டனுடைய முகம் இறுதி வரை சிரிப்பதேயில்லை. நாயின் முகமும் அப்படித்தான்.

இந்த ஓட்டத்தின் வேகத்துக்குள்ளே ஒரு தந்திரம் உண்டு. விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் அறியவேண்டியது. படம் எடுக்கும் கருவியைக் கையால் சுழற்றிய காலம் அது. வினாடிக்கு ஏறக்குறையப் பதினாறு படங்கள் என்பது வழக்கு. நகைச்சுவைக் காட்சியில் சுழற்றுபவர் கையை மெதுவாக்கி வினாடிக்குப் பன்னிரண்டு படம் எடுப்பார். காட்டும்போது பழைய வேகத்திலோ அதைவிட விரைவாகவோ சுழற்றினால், திரையில் எல்லோரும் பறப்பார்கள். மனிதன் அப்படிப் பறந்தால் பொம்மை போலத் தோன்றுவான். நாயோ அப்பொழுதும் நாயாகவே தோன்றும். அதன் இயற்கை வேகமே அப்படிப்பட்டதன்றோ?

மற்றொரு காரணமும் உண்டு. ஊமைப் படத்தில் ஓசை பதிவதில்லை. ஆகவே நாயைப் பழக்கியவர் கருவிக்குப் பின்னே நின்றுகொண்டு, “ஓடு”, “தாவு”, “படு” என்று தொண்டை கிழியக் கத்தலாம். திரையில் பார்ப்பவருக்கு அந்தக் கூச்சல் கேட்காது. நாய் தானே சிந்தித்துச் செய்வது போல இருக்கும். 1917இல் டெடி என்னும் பெரிய நாய், தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட கதாநாயகிக்காக ஓடிவந்து உதவுவதைப் பார்த்தவர் வியந்தனர். 1927 முதல் சிறுவர் குழுப் படங்களில் வந்த பீட் என்னும் நாயின் கண்ணைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும்.

இவை அனைத்துக்கும் மேலாக நான் வைப்பது 1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த சார்லி சாப்ளினின் படம். நாயின் வாழ்வு என்று தமிழில் சொல்லலாம். மூன்று சுருள். வேலையும் வீடும் இல்லாத நாடோடி ஒருவன், வேலிக்கருகே வெறுந்தரையில் உறங்குகிறான். வேலை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போகிறான். சன்னல் திறக்கும்போதெல்லாம் இவன் எழுந்து போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான். இவன் திரும்பி அடுத்த சன்னலுக்கு ஓடினால் அங்கும் ஒருவன்! இறுதியில் எல்லோருக்கும் வேலை கிடைக்க, இவன் ஒருவன் மிஞ்சுகிறான். வெளியே வந்தால் தெருவில் நாய்கள் ஓர் எலும்புக்குச் சண்டையிடுகின்றன. இளைத்த நாய் ஒன்று நடுவில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். உள்ளே மனிதர் வேலைக்காக மோதிக்கொண்டதும், வெளியே நாய்கள் எலும்புக்காக மோதிக்கொண்டதும் ஒரே காட்சிதான் என்பதைச் சாப்ளின் ஒரு சொல்லும் எழுதிக் காட்டவில்லை. அன்றாடக் கூலிக்காகத் துறைமுக வாயிலில் விடியுமுன்னே கூடி நின்ற சுமைதூக்கிகள் வாழ்ந்த ஊரில், இதற்கு உரை எழுத வேண்டுமா?

அந்த நாடோடி நாயுடன் நடனசாலைக்குப் போகிறான். நாய்களுக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். அவன் வெளியே வருகிறான். நாயைத் தன் தொளதொளத்த கால்சட்டைக்குள் திணித்துக்கொண்டு மீண்டும் நுழைகிறான். கால்சட்டையின் பின்புறம் ஒரு ஓட்டை. அதன் வழியே வால் நீண்டு ஆடுகிறது! அருகிலிருந்த முரசின்மேல் அந்த வால் பட்டுப்பட்டு முழங்க, முரசுக்காரன் திகைத்துப் பார்க்கிறான்.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் எனக்குப் பாரதக் கதையின் முடிவு நினைவுக்கு வருகிறது. தம்பியரும் திரௌபதியும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்துவிட, தருமன் தனியே நடக்கிறான். ஒரு நாய் மட்டும் அவனைப் பின்தொடர்கிறது. இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டு வரமாட்டேன் என்று தருமன் மறுத்து நிற்கிறான். தருமன் சொல்லால் வாதாடினான். சாப்ளின் கால்சட்டைக்குள் வைத்துக் கடத்தினான். வேறுபாடு அவ்வளவுதான். கூத்து மேடையில் தருமனைக் கண்டவர்கள், வெள்ளைத் துணியில் இந்த நாடோடியைக் கண்டு அந்நியன் என்று ஒதுக்கவில்லை. அவனை நெஞ்சாரத் தம்மவனாகக் கொண்டனர்.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், பள்ளிச் சிறுவர்களுக்கு இப்படத்தைக் காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. வலை உலர்த்தும் இடத்திலே துணி கட்டினோம். காற்று பலமாதலால் துணி பாய்மரம் போல் புடைத்தது. சாப்ளின் ஒரு கணம் பருத்தும் ஒரு கணம் மெலிந்தும் தோன்றினார். பழைய படம், அதுவும் கறுப்பு வெள்ளை. சிறுவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அஞ்சினேன். வால் முரசை அடித்தபோது எழுந்த சிரிப்பில் பக்கத்துத் தெருவிலிருந்த பெரியவர்களும் வந்து நின்றுவிட்டார்கள். முடிந்தவுடன் ஒரு பையன் என்னிடம் வந்து, “அந்த நாய் இப்போ எங்கே இருக்கு?” என்று கேட்டான். நூறு ஆண்டுகளுக்கு முந்திய நாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படத்தின் முடிவில் அது தொட்டிலில் குட்டிகளோடு படுத்திருந்ததை நினைவூட்டி அனுப்பினேன்.

உண்மையில் மட் என்னும் பெயருடைய அந்த நாய், படம் வெளிவந்த சில வாரங்களுக்குள் இறந்துபோயிற்று. யுத்தக் கடன் பத்திரங்களுக்கு ஆதரவு திரட்டச் சாப்ளின் ஊர் ஊராகப் போயிருந்த சமயம். அவரைக் காணாத ஏக்கத்தால் உண்ண மறுத்து இறந்தது என்று ஸ்டுடியோவில் இருந்தோர் சொல்லிவைத்தார்கள்.

இனி, சிரிப்பின் அரசியலுக்கு வருகிறேன். 1908ஆம் ஆண்டு தூத்துக்குடி கோரல் ஆலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். மார்ச்சு மாதம் 12ஆம் நாள் அவர்கள் சிறைப்பட, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. துரையின் முன்னே நிமிர்ந்து பேசவும் போலீஸ்காரனுக்கு எதிரே நின்று சிரிக்கவும் இயலாத காலம் அது. அத்தகைய நாட்டிலே, நாலணாவோ இரண்டணாவோ கொடுத்து உட்கார்ந்தால், தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நாய் இழுத்துக் குப்புற விழுவதைக் காணலாம், கண்டு சிரிக்கலாம், சிரித்தவனைச் சிறையில் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

இது ஆட்சியாளர்க்குத் தெரியாமலில்லை. 1918இல் சினிமாச் சட்டம் இயற்றப்பட்டது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. சென்னைக் குழுவின் தலைவர் நகரப் போலீஸ் கமிஷனர். போலீஸ்காரர்கள் கூட்டமாகக் குட்டையில் விழும் படத்தைப் பார்த்துச் சான்று வழங்கும் கடமை அவருக்கு வாய்த்ததை நினைத்தால், அதுவே ஒரு சுருள் படத்துக்குப் போதும்! அமெரிக்கப் படங்கள் இந்தியர் கண்ணில் வெள்ளையரின் மதிப்பைக் குறைக்கின்றன என்ற முறையீடு இங்கிலாந்து வரை எழுந்தது. 1927இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். குழு நாடெங்கும் சுற்றிச் சாட்சியம் கேட்டு 1928இல் அறிக்கை தந்தது. அந்நாளில் நம் கொட்டகைகளில் ஓடிய படங்களுள் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பது அதில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. வெளிநாட்டுப் படங்கள் மக்களைக் கெடுக்கின்றன என்ற கூச்சலைக் குழு பெரிதாக மதிக்கவில்லை.

நாயை முன்னிறுத்திய படங்களை நம் நாட்டார் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். நல்ல நாய்க்கு இங்கே பஞ்சமில்லை. கோவில்பட்டி வட்டாரத்துக் கன்னி நாயும் சிப்பிப்பாறை நாயும் முயலை விரட்டும் வேகத்தில் எந்தத் திரைநாய்க்கும் இளைத்தவை அல்ல. நம் முதற் படக்காரர்களின் கண் புராணத்தின்மேல் இருந்தது. வேலூர் நடராச முதலியார் சென்னையில் கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ அமைத்து, 1910களின் இறுதியில் கீசக வதத்தைப் படமாக்கினார். தென்னாட்டில் எடுத்த முதல் கதைப்படம் அது. பின்னர் அவருடைய ஸ்டுடியோ தீக்கிரையாயிற்று. கீசக வதத்தின் ஒரு சுருளும் இன்று இல்லை. இந்தியாவில் எடுத்த ஊமைப் படங்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். இன்று எஞ்சியவை மிகச் சில, அவற்றுள்ளும் பல துண்டு துணுக்குகள். நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் செய்த சுருள்கள் அவை. பல எரிந்தன, பல ஈரக் காற்றில் கசிந்து பசையாயின, பலவற்றை அவற்றிலிருந்த வெள்ளிக்காக மனிதரே கரைத்துவிட்டனர். நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரித்த மார்த்தாண்ட வர்மா என்னும் ஊமைப் படம் தப்பியதற்குக் காரணம், நூல் உரிமை பற்றிய வழக்கால் பிரதி ஒன்று புத்தக வெளியீட்டாளரிடம் முடங்கிக் கிடந்தமையே! பின்னாளில் அது புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தது. வழக்கும் சில வேளை நன்மை செய்கிறது. லூக்கும் மட்டும் இன்றும் ஓடுகின்றன. நம் நடிகர்களின் முதல் அசைவுகள் மறைந்துபோயின. இதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் காளிதாஸ் வெளிவந்தது. திரை தமிழில் பேசிற்று, பாடிற்று. திரையோரத்தில் நின்று கதை சொன்னவர் வேலையிழந்தார். நாயும் ஏறக்குறைய அப்படித்தான். படப்பிடிப்பில் ஓசை பதியத் தொடங்கியபின், பழக்குபவர் கத்த முடியாது. கையசைவால் மட்டுமே ஏவ வேண்டும். நகைச்சுவையும் உடம்பை விட்டு நாவுக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவில் 1929 முதல் 1931 வரை, நாய்களுக்கு மனித உடை அணிவித்து, மனிதர் குரலில் பேச வைத்துச் சில குறும்படங்கள் எடுத்தார்கள். அவற்றைப் பார்த்தேன், இரண்டாம் முறை பார்க்க விரும்பவில்லை. நாயாக இருந்து சிரிக்க வைத்ததை மனிதனாக்கியபோது நாயும் போயிற்று, சிரிப்பும் போயிற்று.

உடம்பால் சிரிக்க வைக்கும் கலை தமிழில் அடியோடு அற்றுவிடவில்லை. 1927ஆம் ஆண்டு, முன்னே நான் சொன்ன சலாபம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், தூத்துக்குடியில் ஒரு குழந்தை பிறந்தது. பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர். குடும்பம் கொழும்புக்குப் போய் வாழ நேர்ந்தது. அப்பிள்ளை வளர்ந்து, சென்னைக்கு வந்து, 1947இல் திரையில் தோன்றி, ஜே. பி. சந்திரபாபு என்று புகழ் பெற்றார். அவர் நடப்பதும் நழுவுவதும் நிலைதடுமாறி விழுவதும் விழுந்தவுடன் ஒன்றும் நடவாதது போல் எழுவதும் வசனத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 1958இல் வந்த சபாஷ் மீனா படத்தைக் காணும் மாணவர்கள், ஒரு காட்சியில் மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். அவருடைய தோளும் முழங்காலும் பேசுவது அப்பொழுது விளங்கும்.